பட்டம் வாங்கப் போகிறவர்களின் கேள்விகள்: துணி, குச்சி, நூல், காற்று

கடற்கரையில் ஒரு துணிப் பட்டத்தை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் போதும், யாராவது பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்கள். முதலில் "எங்க வாங்குனீங்க?", அடுத்து "என்ன விலை?". அப்புறம்தான் உண்மையான சந்தேகங்கள் வரும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

காகிதக் காத்தாடி அஞ்சு, பத்து ரூபாய்க்குக் கிடைக்குது. துணிப் பட்டத்துக்கு எதுக்கு ஆயிரக்கணக்குல கொடுக்கணும்?

காகிதக் காத்தாடியை மட்டமாக நினைக்காதீர்கள். அதன் வடிவமைப்பு அபாரமானது. குறுக்கே வில்லாக வளைத்த குச்சி ஒன்று இருக்கும். நூலை இழுத்தால் காற்றின் அழுத்தத்தில் அந்த வில் குச்சி இன்னும் பின்னால் வளையும். இரண்டு பக்கமும் சற்றே மடங்க, காத்தாடி மூக்கு காட்டிய திசையில் நேராகப் பாயும். நூலைத் தளர்த்தினால் தட்டையாகிவிடும், உடனே சுழல ஆரம்பிக்கும். வேண்டிய பக்கம் மூக்கு திரும்பியதும் மறுபடி ஓர் இழுப்பு. ஒற்றை நூலில் இப்படித் திசை திருப்ப முடிவதால்தான் டீல் போட, அதாவது அடுத்தவர் காத்தாடியின் நூலை அறுக்க முடிகிறது.

அதே குணத்தால் அது சும்மா நிற்காது. கையை எடுத்தால் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும். நீங்கள் துணிப் பட்டத்துக்குக் கொடுக்கும் காசு, அது தானாக நிற்பதற்கும், மழைத்தூறலிலும் மணலிலும் கிழியாமல் பல வருடம் உழைப்பதற்கும். டீல் போடும் ஆசை மட்டும்தான் என்றால் துணிப் பட்டம் வாங்காதீர்கள், ஏமாந்து போவீர்கள்.

நவீனப் பட்டம்னு எதைச் சொல்றீங்க? எல்லாம் பழைய பட்டம்தானே, துணிதானே மாறியிருக்கு?

துணி மாறியது கடைசியில்தான். அதற்கு முன்பே வடிவம் மாறிவிட்டது. பழைய தட்டைப் பட்டங்கள் பெரும்பாலும் வாலை நம்பித்தான் நேராக நின்றன. வால் இல்லாமல் நிற்க வைப்பது எப்படி என்று 1890-களில் பலரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் 1893-ல் பெட்டிப் பட்டத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கோத்து, தானே அதில் தொங்கி 16 அடி உயரம் எழும்பினார். அமெரிக்காவில் வில்லியம் எடி, மலாய்ப் பட்டங்களைப் பார்த்து, குறுக்குக் குச்சியை வில்லாக வளைத்து வாலில்லாப் பட்டம் செய்தார். அதற்கான காப்புரிமை 1900-ல் கிடைத்தது.

பெரிய திருப்பம் அதற்கப்புறம் வந்தது. பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948-ல் சமையலறைத் திரைச்சீலைத் துணியை வைத்து வளையும் இறக்கை ஒன்றைச் செய்தார்கள். இறக்கையின் வடிவத்தைக் கெட்டிச் சட்டம் தீர்மானிக்க வேண்டியதில்லை, காற்றே உப்பவைத்துத் தீர்மானிக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். இன்று கடையில் தொங்கும் முக்கோண டெல்டா பட்டம் முதல் மனிதர் தொங்கிப் பறக்கும் ஹேங் கிளைடர் வரை அதன் வாரிசுகள். 1964-ல் டொமினா ஜால்பர்ட் குச்சியே இல்லாத, காற்று உள்ளே புகுந்து உப்பும் பாராஃபாயிலைச் செய்தார். 1972-ல் இங்கிலாந்தின் பீட்டர் பவல் இரட்டை நூல் பட்டத்தைப் பிரபலமாக்கினார். கார்பன் குச்சியும், கிழிசல் பரவாத ரிப்ஸ்டாப் துணியும் இந்த யோசனைகளை இன்னும் இலகுவாக்கின, அவ்வளவுதான்.

எனக்கு எதுவும் தெரியாது. முதல் பட்டம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

இறக்கைக்கு இறக்கை சுமார் 2 மீட்டர் அகலமுள்ள டெல்டா. ஒற்றை நூல். படம் எதுவும் அச்சடிக்காமல் இரண்டு மூன்று வண்ணத் துணிகளைத் தைத்துச் சேர்த்ததாக இருந்தால் நல்லது.

டெல்டாவைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதன் குச்சிகளை உற்றுப் பாருங்கள். இறக்கை விளிம்பில் ஓடும் இரண்டு குச்சிகளும் மூக்கு வரை போகாது, கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். குறுக்குக் குச்சி அந்த இரண்டையும் மட்டும் பிடித்திருக்கும், நடுக்குச்சியோடு கட்டியிருக்காது. அதனால் திடீரென்று பலத்த காற்று அடித்தால் இரண்டு இறக்கையும் பின்னால் மடங்கி, அதிகக் காற்றை வெளியே விட்டுவிட்டு, பழைய நிலைக்கு வந்துவிடும். வயிற்றுப் பக்கம் தொங்கும் முக்கோணத் துணியில் நூலைக் கட்டுவதால் சூத்திரம் போட்டுக் குழம்ப வேண்டியதும் இல்லை. (பட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் கட்டி, ஏற்றும் நூலோடு சேர்க்கும் கட்டுதான் சூத்திரம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் முச்சை என்பார்கள்.)

ஒரு மீட்டருக்கும் குறைந்த குட்டி டெல்டா "பழகுவதற்கு" நல்லது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. சின்னப் பட்டம் ஒவ்வொரு காற்றுக்கும் துள்ளும். கொஞ்சம் பெரியது நிதானமானது.

எங்க ஊர் காத்துக்கு எந்தப் பட்டம் ஒத்துவரும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பட்டம் பிடிக்காமல் போனவர்களில் பெரும்பாலோர் கெட்ட பட்டம் வாங்கியவர்கள் இல்லை, தங்கள் காற்றுக்குப் பொருந்தாத பட்டம் வாங்கியவர்கள்.

நல்ல பட்டத்தின் பையில் எந்தக் காற்று வேகத்துக்கு என்று அச்சிட்டிருக்கும். கருவி இல்லாமலேயே வேகத்தை ஓரளவு கணிக்கலாம். முகத்தில் காற்று தெரிகிறது, இலைகள் சலசலக்கின்றன என்றால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் ஆடி, கொடி விரிந்து பறந்தால் 12 முதல் 19. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20 முதல் 28. சிறு மரங்களே ஆட ஆரம்பித்தால் 29-ஐத் தாண்டிவிட்டது. சாதாரண டெல்டாவுக்கு 8 முதல் 25 வரை ஏற்றது. இந்த அளவு உங்கள் ஊரில் எந்த மாதம், எந்த நேரம் கிடைக்கிறது என்று பாருங்கள்.

சென்னைக் கடற்கரையில் கோடையில் மதியத்துக்கு மேல் வரும் கடல்காற்று பட்டத்துக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். கடல்மேல் தடையில்லாமல் வருவதால் சீராக அடிக்கும். அதுவே உள்மாவட்டங்களில் ஆடி மாதம் என்றால் கதை வேறு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது மெல்லிய துணி டெல்டா எம்மாத்திரம்? அங்கே சிறிய பாராஃபாயிலோ, துணியில் காற்றுத் துளை வைத்த பட்டமோ வேண்டும். யாழ்ப்பாணத்தில் மார்கழி, தையில் வாடைக்காற்று நாள் முழுக்க நிற்கும். பட்டக் காலமும் அதுதான்.

மொட்டை மாடியில விடலாமா?

வேண்டாம். விழுந்துவிடுவீர்கள் என்பது முதல் காரணம். பட்டத்தையே பார்த்துப் பின்னால் நடக்கும் யாருக்கும் கைப்பிடிச் சுவர் கண்ணில் படாது. மின்கம்பிகள் இரண்டாவது காரணம். மூன்றாவது, அங்கே இருப்பது நல்ல காற்றே இல்லை. ஒரு கட்டடத்தையோ மரத்தையோ தாண்டி வரும் காற்று, அதன் உயரத்தைப் போல ஏழு, எட்டு மடங்கு தூரம் வரை சுழன்றுகொண்டே இருக்கும். பத்து மீட்டர் உயர வீட்டுக்குப் பின்னால் எழுபது, எண்பது மீட்டர் தள்ளி நின்றால்தான் சீரான காற்று. தெருவெல்லாம் வீடாக இருக்கும் ஊரில் இது நடக்காது. மைதானம், ஏரிக்கரை, கடற்கரை என்று போங்கள்.

"ரிப்ஸ்டாப்"னு போட்டிருந்தாலே நல்ல துணிதானே?

ரிப்ஸ்டாப் என்பது நெய்யும் முறை. சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த இழை கொடுத்துக் கட்டம் கட்டமாக நெய்வார்கள். கிழிசல் விழுந்தால் அடுத்த கட்டத்தில் தடைபடும். முதலில் பாராசூட்டுக்காக வந்த துணி. ஆனால் குடைத்துணி கனத்திலும் ரிப்ஸ்டாப் உண்டு, ஜாக்கெட் துணியிலும் உண்டு. பட்டத்துக்கு வேண்டியது கனம் குறைந்தது: சதுர மீட்டருக்கு 30 முதல் 40 கிராம் வரை. அதைவிட முக்கியம், துணிமேல் பூசியிருக்கும் பூச்சு. அது இல்லையென்றால் காற்று துணிக்குள் புகுந்து போய்விடும்.

சோதிக்க எளிய வழி: துணியை வாயில் வைத்து ஊதுங்கள். நல்ல பூச்சு என்றால் மூச்சு அந்தப் பக்கம் போகாது. விரலால் கசக்கினால் காகிதம் போல மொரமொரவென்று சத்தம் வரும். கொழகொழவென்று துவண்டால் சந்தேகப்படுங்கள்.

நைலானா பாலியெஸ்டரா என்பது அடுத்த கேள்வி. நைலான் ஈரத்தை உறிஞ்சி லேசாக நீளும், காய்ந்ததும் சுருங்கும். கடற்கரை ஈரக்காற்றில் மாலை ஆக ஆக இறக்கை தொய்வதைக் கண்ணால் பார்க்கலாம். பாலியெஸ்டர் அப்படி மாறாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் விலை அதிகம். ஒற்றை நூல் டெல்டாவுக்கு நைலான் தாராளமாகப் போதும். துல்லியமாகத் திரும்ப வேண்டிய இரட்டை நூல் பட்டத்துக்குப் பாலியெஸ்டர்தான்.

கார்பன் குச்சின்னா உசத்தி, ஃபைபர் கிளாஸ்னா மட்டம், அப்படித்தானே?

இல்லை. இரண்டுக்கும் வேலை வேறு. கார்பன் குழாய் இலகுவானது, விறைப்பானது. மெல்லிய காற்றில் எழும்ப அந்த எடைக் குறைவு உதவும். ஆனால் நேராகத் தரையில் மோதினால் மடக்கென்று பிளந்துவிடும். உடைந்த சிம்பு கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம். ஃபைபர் கிளாஸ் கனமானது, வளையும், சுலபத்தில் உடையாது. குழந்தைகளிடம் கொடுக்கும் பட்டத்திலும் பலத்த காற்றுப் பட்டத்திலும் ஃபைபர் கிளாஸ்தான் புத்திசாலித்தனம். பல நல்ல டெல்டாக்களில் இறக்கை விளிம்புக்கு ஃபைபர் கிளாஸ், குறுக்குக் குச்சிக்குக் கார்பன் என்று கலந்து வைத்திருப்பார்கள்.

இன்னொன்று: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பியில் சிக்கிய பட்டத்தை, எந்தக் குச்சியாக இருந்தாலும், இறக்கப் போகவே கூடாது. கார்பன் என்றால் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

மூங்கிலை மறந்துவிட வேண்டாம். முற்றிய மூங்கிலைப் பிளந்து, இரண்டு பக்கமும் ஒரே வளைவு வரும்படி சீவியெடுத்தால் ஃபைபர் கிளாஸுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் ஏறும் பிரம்மாண்டப் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடையில கையில எடுத்துப் பார்க்கும்போது எதை எதைப் பார்க்கணும்?

முதலில் நடுக்குச்சி வழியாகப் பட்டத்தை இரண்டாக மடியுங்கள். இடது இறக்கை வலது இறக்கைமேல் அச்சாக உட்கார வேண்டும். விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். அடுத்து, இறக்கைக் குச்சிகள் இரண்டையும் வெளியே எடுத்து, ஒரு முனையை மேசையில் அழுத்திப் பிடித்து மறு முனையை ஒரே அளவு அழுத்திப் பாருங்கள். ஒன்று அதிகமாக வளைந்தால் பட்டம் ஆயுள் முழுக்க ஒரு பக்கம் சாயும். மேசைமேல் உருட்டியும் பாருங்கள். கோணலாக இருந்தால் குதித்துக் குதித்து உருளும்.

பிறகு தையல். இறக்கை விளிம்பின் உறையும் மூக்கும்தான் முதலில் போகும் இடங்கள். மூக்கில் வார்ப்பட்டை போன்ற கெட்டித் துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும். குச்சி முனை வந்து முட்டும் பைகளில் ஒரே மடிப்புத் துணி மட்டும் இருந்தால், நாலு முறை விழுந்ததும் குச்சி துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். துண்டுகளைச் சேர்க்கும் இடத்தில் வளைந்து வளைந்து போகும் கோணல் தையல் இருந்தால் நல்லது, துணியோடு சேர்ந்து நீண்டு கொடுக்கும். நெருக்கமான நேர்த்தையல், காகிதத்தில் வரிசையாக ஊசி குத்தியது மாதிரி. அந்தக் கோட்டிலேயே கிழியும்.

பின் விளிம்பில் ரிப்ஸ்டாப்பின் கட்டங்கள் விளிம்புக்கு இணையாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். அங்கே தாங்குவதற்குக் குச்சி கிடையாது. துணியைக் குறுக்காக வெட்டியிருந்தால் விளிம்பு நாளடைவில் இழுபட்டுத் தொய்ந்து, பறக்கும்போது படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். நல்ல தையற்காரர்கள் தவறவே விடாத விஷயம் இது. மலிவுப் பட்டங்களில் துணியை மிச்சம் பிடிக்கக் கண்டபடி வெட்டியிருப்பார்கள்.

கடைசியாக, பட்டத்தைப் பூட்டி, நூல் கட்டும் வளையத்தைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். இரண்டு இறக்கையும் சமமாக நிற்கவேண்டும். இணைப்புகளில் குச்சியின் விட்டம் குறித்திருந்தால் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதிரி தேடும்போது உதவும்.

ஆன்லைன்ல வாங்கினா இதெல்லாம் எப்படிப் பார்க்கறது?

முழுதாகப் பார்க்க முடியாது. விவரத்தில் துணியின் வகை, குச்சியின் பொருள், காற்று வேகம் இந்த மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "உயர்தரம்", "சூப்பர் ஸ்ட்ராங்" என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். உதிரிக் குச்சி தனியாக விற்பவர்கள் பெரும்பாலும் பட்டத்தையும் ஒழுங்காகச் செய்பவர்கள். வந்ததும் மேலே சொன்ன மடிப்புச் சோதனையையும் குச்சிச் சோதனையையும் செய்யுங்கள், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள்.

நூல் எவ்வளவு கெட்டியா இருக்கணும்? கூடவே ஒரு கண்டு கொடுத்திருக்காங்க.

அந்தக் கண்டை நம்ப வேண்டாம். காசை மிச்சம் பிடிக்க முதலில் கைவைக்கும் இடம் அதுதான்.

கணக்கு இப்படி. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 2 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். காற்று இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டரில் அதே பட்டம் 8 கிலோ இழுக்கும். 2 மீட்டர் டெல்டாவின் பரப்பு கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். 8 கிலோதானே என்று 10 கிலோ நூல் கட்டினால் போச்சு. திடீர்க் காற்றின் சுண்டு தனியாக இருக்கிறது. போதாக்குறைக்கு, நூலில் போடும் முடிச்சே அதன் பலத்தைப் பாதி வரை குறைத்துவிடும். அதனால் 25 முதல் 40 கிலோ தாங்கும் பின்னல் பாலியெஸ்டர் நூல் சரியாக இருக்கும்.

அதற்காக 100 கிலோ நூலும் கட்டாதீர்கள். தடித்த நூலை ஏந்திக்கொண்டு பறப்பதற்கே பட்டத்தின் பாதி சக்தி போய்விடும். மெல்லிய காற்றில் நூல் தொய்ந்து பட்டம் தாழ்வாகவே நிற்கும்.

டைனீமா நூல்தான் ரொம்பக் கெட்டின்னு சொல்றாங்களே, அதையே கட்டிடலாமா?

டைனீமா ஒருவகைச் செயற்கை இழை. இரட்டை நூல் பட்டத்துக்கு அதுதான் வேண்டும். நீளவே நீளாது, கை அசைவு உடனே பட்டத்துக்குப் போகும். வழுவழுப்பு என்பதால் இரண்டு நூலும் முறுக்கிக்கொண்டாலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும். ஒற்றை நூலில் வேண்டாம். மெல்லியதாக, விறைப்பாக இருப்பதால் கையையும் அடுத்தவர் நூலையும் அறுக்கும். அதே சமயம் சூடு தாங்காது: சுமார் 150 டிகிரியிலேயே உருகிவிடும். வேறொரு நூல் அதன்மேல் ஒரே இடத்தில் உரசினால் அந்தச் சூட்டிலேயே பட்டென்று போகும். வழுக்குவதால் சாதாரண முடிச்சும் நிற்காது. முனைகளில் பாலியெஸ்டர் உறை போட்டுத்தான் முடிச்சிட வேண்டும்.

மாஞ்சாவை, அதாவது அடுத்தவர் நூலை அறுக்கக் கண்ணாடித்தூள் பூசிய நூலைப் பற்றியும் கேட்பார்கள். நைலான் போன்ற செயற்கை இழையில் செய்த மாஞ்சாவை இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் நாடு முழுக்கத் தடை செய்தது. பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுத்த நூல் அது. இங்கே பேசும் எந்தப் பட்டத்துக்கும் அது தேவையே இல்லை.

நல்ல பட்டம்னா வால் இருக்கக் கூடாதாமே?

டெல்டாவுக்கும் பெட்டிப் பட்டத்துக்கும் வால் தேவையில்லை. இறக்கைகள் பின்னால் மடங்கியிருக்கும் கோணமும் வயிற்றுத் துணியும் நிலையைப் பார்த்துக்கொள்ளும். தட்டைப் பட்டத்துக்கு வால் கட்டாயம். சிறிய பாராஃபாயிலுக்கு இருந்தால் நல்லது. ஆனால் டெல்டாவிலும் காற்று கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும் நாளில் ஒரு நீள வால் கட்டுவதில் தப்பில்லை, துள்ளலை அடக்கும். வால் நிலையாக்குவது தன் எடையால் இல்லை, காற்றில் இழுபடுவதால். அதனால் கனமான துணியை முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுவதைவிட, இலேசான நீளமான ரிப்பன் மேல்.

வாங்கி ரெண்டு வாரம்தான் ஆச்சு, ஒரு பக்கமாவே சாயுது. ஏமாத்திட்டாங்களா?

முதலில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஒருமுறை இடது, ஒருமுறை வலது என்றால் பட்டத்தில் குற்றமில்லை, காற்றுதான் சுழல்கிறது. மொட்டை மாடிக் கேள்வியில் சொன்னதைப் பார்த்து, இடத்தை மாற்றுங்கள். எப்போதும் ஒரே பக்கம் என்றால் பட்டத்தில் கோளாறு: ஒரு குச்சி பைக்குள் முழுதாக இறங்காமல் இருக்கும், அல்லது ஓர் இறக்கைத் துணி இழுபட்டிருக்கும். குச்சிகளை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குச்சியில்தான் குறை.

சூத்திரம் உள்ள பட்டம் என்றால் நூல் கட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும். பட்டம் மேலே ஏறாமல், தாழ்வாக நின்று உதறிக்கொண்டே கையை மட்டும் இழுத்தால், காற்றை நெஞ்சு நிமிர்த்தி எதிர்க்கிறது என்று பொருள். வளையத்தை மூக்குப் பக்கம் நகர்த்துங்கள். தலைக்கு நேர்மேலே ஓடிப் போய், மூக்கு தொங்கி, தொளதொளவென்று விழுந்தால் கீழ்ப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். நகர்த்துவதற்கு முன் பழைய இடத்தில் பேனாவால் ஒரு கோடு.

மகாபலிபுரம் பட்டத் திருவிழாவுல திமிங்கலம், ஆக்டோபஸ்லாம் பறந்துச்சே, அது வாங்க முடியுமா?

முடியும், ஆனால் அவற்றில் பல தானாகப் பறப்பவை இல்லை. அடுத்த முறை நூலை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து பாருங்கள். உச்சியில் பார்வைக்குச் சாதாரணமாக ஒரு பெரிய பாராஃபாயில் நிற்கும். மொத்தச் சுமையையும் தூக்குவது அதுதான். திமிங்கலம் அந்த நூலில் கட்டிய உப்பும் பை. நியூசிலாந்தின் பீட்டர் லின் போன்றவர்கள் குச்சியே இல்லாத பிரம்மாண்டப் பட்டங்களை வளர்த்தெடுத்த பிறகு உலகத் திருவிழாக்கள் எல்லாம் இப்படி மாறிவிட்டன. இழுப்பு மிக அதிகம். மணல் மூட்டைகளிலோ வண்டியிலோ கட்டி வைப்பார்கள், கையில் பிடிப்பதில்லை. ஆசையாக இருந்தால் சிறிய பாராஃபாயிலும் ஒன்றிரண்டு மீட்டர் உப்பும் வாலும் வாங்கி ஆரம்பியுங்கள்.

ரெண்டு நூல் பட்டம் வாங்கலாம்னு இருக்கேன். கஷ்டமா?

சைக்கிள் பழகும் அளவுக்குக் கஷ்டம். வலது கையை இழுத்தால் வலது பக்கம் திரும்பும், இடதை இழுத்தால் இடது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், உங்களுக்கு நேர் எதிரே பட்டம் அதிவேகமாக ஓடும். ஓரங்களிலும் தலைக்கு மேலேயும் வேகமும் இழுப்பும் குறையும். முதல் நாள் எல்லோரும் செய்வது, பயத்தில் கைகளைத் தலைக்கு மேல் தூக்குவது. கை இடுப்பளவில் இருக்கட்டும்.

இறக்கை அகலம் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருந்தால் பழகுவது எளிது. நூல் 25 மீட்டர் நீளம் போதும், ஆனால் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு கம்பத்தில் இரண்டு முனையையும் மாட்டி, மறுமுனைகளைச் சேர்த்து இழுத்துப் பாருங்கள். சில சென்டிமீட்டர் வித்தியாசமே பட்டத்தை ஓயாமல் ஒரு பக்கம் திருப்பும். ஒரே பட்டம் மெல்லிய காற்றுக்கு, சாதாரணக் காற்றுக்கு, துளை வைத்துப் பலத்த காற்றுக்கு என்று மூன்று வகையாக விற்கப்படும். நம் கடற்கரைக்குச் சாதாரண வகைதான். முதல் பட்டத்தில் குச்சி உடையத்தான் செய்யும். உதிரிக் குச்சி கிடைக்கும் மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள்.

நான்கு நூல் பட்டம் இதன் அடுத்த படி. நடுவானில் அப்படியே நிறுத்தலாம், பின்னோக்கியும் ஓட்டலாம். இரண்டு நூல் கைவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கைட் சர்ஃபிங் பட்டம் பழசு மலிவா வருது. கரையில நின்னு விடலாமா?

கூடவே கூடாது. கற்பிட்டியிலும் மண்டபம் பக்கமும் கடலில் ஓட்டுகிறார்களே, அந்தப் பட்டங்கள் பெரும்பாலும் 9 முதல் 12 சதுர மீட்டர். நூல் கேள்வியில் போட்ட கணக்கையே போடுங்கள்: மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் 10 சதுர மீட்டர் பட்டம் சும்மா நின்றாலே 40 கிலோவுக்கு மேல் இழுக்கும். அது ஓட ஆரம்பித்தால் பல மடங்கு. தண்ணீரில் விழுந்தால் தப்பிக்கலாம். கரையில் தூக்கிப் போட்டால் எலும்பு உடையும்.

ஆறு வயசுக் குழந்தைக்கு எது வாங்கிக் கொடுக்கலாம்?

சிறிய ஸ்லெட் பட்டம். இரண்டே குச்சி, அல்லது அதுவும் இல்லாமல் காற்றில் உப்பும் குழாய்கள். விழுந்தாலும் உடைய ஒன்றுமில்லை, பைக்குள் சுருட்டி வைக்கலாம். நூலைக் குழந்தையின் கையிலோ இடுப்பிலோ கட்டிவிடாதீர்கள்.

பெரிய பட்டத்தின் வால் அருகே குழந்தைகளை நிறுத்தவே வேண்டாம். 2020 ஆகஸ்டில் தைவானின் சின்ச்சு நகரப் பட்டத் திருவிழாவில், மூன்று வயதுக் குழந்தை ஒன்று பெரிய பட்டத்தின் வாலில் சிக்கி, கூட்டத்தின் தலைக்கு மேலே தூக்கிச் செல்லப்பட்டது. நல்லவேளையாகச் சிறு காயங்களோடு இறக்கிவிட்டார்கள்.

எங்க யாழ்ப்பாணத்துப் பட்டம் மாதிரி இதுலயும் விண் பூட்டலாமா?

பூட்டலாம், எல்லாவற்றிலும் முடியாது. விண் என்பது வில்லில் இறுக்கிக் கட்டிய நாடா காற்றில் அதிர்ந்து கூவுவது. அதற்கு எடை உண்டு, இழுவிசையும் உண்டு. டெல்டாவில் பூட்டினால் இறக்கை மடங்கும் குணம் கெடும்; மேலே முதல் பட்டம் பற்றிச் சொன்னபோது பார்த்த அந்த நெகிழ்வுதான் அதன் உயிர். சட்டம் விறைப்பாக உள்ள பெட்டிப் பட்டம், பெரிய நாலுமூலை, எட்டுமூலைப் பட்டங்கள் போன்றவை தாங்கும். விண்ணை நடுக்குச்சிக்குச் சரியாக நடுவில் வைத்து, முச்சையை மறுபடி பார்த்துக் கட்ட வேண்டும். காற்றும் வாடைக்காற்று அளவுக்கு நிலையாக இருக்க வேண்டும்.

கடற்கரையில விட்டா உப்பு படிஞ்சு வீணாப் போயிடாதா?

உப்பைவிட மணல்தான் எதிரி. குச்சி உறைக்குள் புகுந்த மணல் உள்ளிருந்தே துணியைத் தேய்க்கும். வீட்டுக்கு வந்ததும் உதறி, கடல்நீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். சோப்பு வேண்டாம், இஸ்திரி கூடவே கூடாது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரு நிறம் இன்னொன்றில் ஏறிவிடும். பறக்காத நேரத்தில் வெயிலில் விரித்துப் போடாதீர்கள். சிறு கிழிசலுக்கு ரிப்ஸ்டாப் ஒட்டுப்பட்டை இரண்டு பக்கமும் ஒட்டினால் போதும்.

இதுக்கெல்லாம் சட்டம் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. சிரிப்பாக இருக்கும், ஆனால் 1934-ம் ஆண்டின் இந்திய விமானச் சட்டம் "விமானம்" என்பதன் வரையறைக்குள் பட்டத்தையும் சேர்த்திருந்தது. நடைமுறையில் விமான நிலையம், விமானம் தாழப் பறக்கும் பாதை, மின்கம்பி, நெடுஞ்சாலை, ரயில் பாதை இவற்றின் பக்கம் போகாமல் இருந்தால் போதும். மாஞ்சா பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

டெல்டா நல்லாப் பழகிடுச்சு. அடுத்தது எது?

உங்கள் டெல்டா வீட்டிலேயே கிடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். காற்று போதாமல் கிடந்தது என்றால், கார்பன் குச்சியும் மெல்லிய துணியும் உள்ள இலகு ரக டெல்டா; மணிக்கு 5, 6 கிலோமீட்டர் காற்றிலும் ஏறும். காற்று அதிகமாகிக் கிடந்தது என்றால் பாராஃபாயில் அல்லது பெட்டிப் பட்டம். பட்டம் ஏறி நிற்கிறது, எனக்குத்தான் கை சும்மா இருக்கிறது என்று தோன்றினால் இரட்டை நூலுக்குப் போங்கள்.